மறுபக்கத்துச் சடை

காலைத் தூக்கிக்க தாயி, செருப்பு நனையுது பாரு. மேல பாக்காத, கூரை ஒழுகலை. சித்திரை வெயில்ல ஏது மழை? என் கால்ல இருந்துதான் வருது. நடந்தா ஈரம் படும், உக்காந்தா தேங்கும். சேலையை இழுத்து மூடிக்கிட்டுத்தான் ஏறுனேன், அப்பிடியும் கண்டக்டர் பாத்துட்டான். "ஏம்மா, மீன் கூடை எதுவும் வச்சிருக்கியா?"ன்னு கேக்குறான். வெறுங்கையா வந்தவளைப் பாத்துக் கேக்குற கேள்வியா அது? டிக்கெட்டு கேட்டதுக்குப் பொம்பளைகளுக்குக் காசு கிடையாதுன்னுட்டான். சாமியும் அதுல சேத்தியான்னு நான் கேட்டுக்கலை.

சாமின்னுதான் சொன்னேன். சிரிப்பு வந்தா சிரிச்சுக்க, எனக்கொண்ணும் இல்ல. முள்ளியேந்தல்னு ஒரு ஊரு, நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. அந்த ஊருக் கண்மாய்க்கு நான்தான் மடையாத்தா. கண்மாய்த் தண்ணியை வயக்காட்டுக்குத் திறந்து விடுற வாய் இருக்குல்ல, அதான் மடை. அதுக்குக் காவல் நான். இன்னைக்குக் காவலை விட்டுட்டுக் கிளம்பிட்டேன். இந்த வண்டி கடற்கரைக்குத்தானே போகுது? அங்கதான் போறேன். நான் எங்க போறேனோ அந்த ஊருத் தண்ணியும் என் பின்னாலயே வந்துரும். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அது அப்பிடித்தான்.

இதுவா? ரிப்பன். சும்மா, விரல்ல சுத்திக்கிட்டு வந்துட்டேன்.

கடலைப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. தண்ணியாப் பொறந்த எதுக்கும் அந்த ஆசை இருக்கும். ஆனா கண்மாய்த் தண்ணிக்கு ஏது கடல்? நெல்லுக்குப் போகும், மாடு குடிக்கும், மிச்சத்தை வெயில் குடிக்கும். "வைகையே கடலைப் பாக்கலையாம், நீ என்னடி பெரிய இவ"ன்னு நானே என்னையச் சொல்லிக்குவேன். அப்பிடிச் சொல்லிச் சொல்லியே காலம் போயிருச்சு. இப்பத்தான் எனக்கு விடுதலை கிடைச்சிருக்கு. கிடைச்சதும் கிளம்பிட்டேன். நான் செஞ்சது நியாயந்தானே?

நானும் ஒரு காலத்துல மனுசப் புள்ளதான் தாயி. பாவாடை கட்டுற வயசு. கண்மாய்க் கரை வருசா வருசம் உடைச்சுக்கிட்டே இருந்துச்சு. எவனோ ஒருத்தன், கரை பொட்டப்புள்ளையைக் கேக்குதுன்னு சொல்லிட்டான். எங்கப்பன் என்னையத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தான். மடி நிறையப் பொரி குடுத்தான். மடைக் குழியில ஒரு கல்லு கிடந்துச்சு, அதுல உக்கார வச்சான். "இங்கயே உக்காந்திரு ஆத்தா, இந்தா வந்துர்றேன்"னு சொல்லிட்டு மேல ஏறிப் போனான். பொறவு என்னையச் சுத்திக் கல்லு அடுக்குனாங்க, சாந்து பூசுனாங்க. நான் பொரி தின்னுக்கிட்டு இருந்தேன். எங்கப்பனைத் தப்பா நினைச்சிராத. அவன் பொய் சொல்றவன் இல்ல. ஏதோ ஜோலி வந்திருக்கும். அந்தக் காலத்துல ஜோலிக்கா பஞ்சம்?

அதுக்குப் பொறவு கரை உடையலை. கும்பிட ஆரம்பிச்சாங்க. முதல் மடை திறக்குற அன்னைக்குப் பொங்கல் வச்சு, மடைகாரன் வந்து நின்னு, "ஆத்தா, திறக்கட்டுமா?"ன்னு கேப்பான். கேட்டுட்டு, கவுளி, அதான் பல்லி, சத்தம் குடுக்குற வரைக்கும் மொத்த ஊரும் வாயை மூடிக்கிட்டு நிக்கும். சில வருசம் நான் வேணும்னே தாமதம் பண்ணுவேன். சின்னப்புள்ளை புத்தி, வேறென்ன? எல்லாரும் நம்ம வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறது நல்லாத்தானே இருக்கு. அப்புறமா கவுளியா உச்சுக் கொட்டுவேன், திறப்பாங்க. ஒருதடவைகூட வேணாம்னு சொன்னதில்ல.

அப்புறம் சேவுகன்னு ஒரு மடைகாரன் வந்தான். அவன் காலத்துலதான் பழைய மடையை மாத்தி இரும்பு ஷட்டர் போட்டாங்க, சக்கரத்தைத் திருகுனா திறந்துக்கும். அந்த வருசம் கார்த்திகையில, நல்லா விடிஞ்ச பொறவு, சேவுகன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்தான். சக்கரத்தைத் திருகுனான், திரும்பி ஓடிட்டான். கேக்கலை. இத்தனை தலைமுறையா கேட்ட கேள்வி, "திறக்கட்டுமா"ன்னு ஒத்தை வார்த்தை, அதைக் கேக்கலை. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? நீயே சொல்லு.

அவன் பொண்டாட்டிக்கு அன்னைக்கு இடுப்பு வலி. அதான் ஓடுனான். அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சா என்ன, ஒரு வார்த்தை கேக்க எம்புட்டு நேரம் ஆகப் போகுது? இருளாயின்னு பேரு அவளுக்கு. வலி தாங்காம, "மடையாத்தா, மடையாத்தா"ன்னு என்னையத்தான் கூப்புட்டா. கேட்டுச்சு. நான் கோவத்துல இருந்தேன். கேக்காம திறந்தவன் வீட்டுக்கு நான் ஏன் போகணும்னு திரும்பிப் படுத்துக்கிட்டேன். பொறந்த புள்ளை பொழைச்சிருச்சு. இருளாயி பொழைக்கலை. அதுக்கு நானா காரணம்? ஆசுபத்திரி தூரம், வண்டி வரலை, உதிரம் நிக்கலை. நான் ஒண்ணும் செய்யலை தாயி. ஒண்ணுமே செய்யலை.

என்ன வெக்கை பாரு. அந்தச் சன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளு.

அதுக்குப் பொறவு அந்த ஊருல எனக்கு இருப்புக் கொள்ளலை. ஷட்டர் போட்ட கோவந்தான், வேறொண்ணுமில்ல. சேவுகன் வீட்டுத் தொட்டில் சத்தம் மடை வரைக்கும் கேக்கும், அது வேற. சித்திரை பொறந்துச்சு. ஒருநாள் உச்சி வெயில்ல, ஊரு சனம் எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்குறப்ப, பொம்பளை வடிவெடுத்து ரோட்டுக்கு ஏறுனேன். கடலுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பஸ் ஸ்டாப்புல சேவுகன் நிக்கிறான், கையில அந்தப் பச்சைப் புள்ளை. தார் ரோட்டுல என் காலடி ஈரமா விழுகுறதைப் பாத்தான். பரம்பரையா தண்ணியோட பொழங்குறவன், அவனுக்குத் தெரியாதா? "ஆத்தா, போகாத"ன்னு காலைப் பிடிச்சான். நான் முடியாதுன்னேன்.

அப்பத்தான் அந்தத் திருட்டுப்பய அப்பிடிச் செஞ்சான். "சரி ஆத்தா, உன் இஷ்டம். நாக்கு வறண்டு போச்சு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு இந்தா வந்துர்றேன், செத்த நேரம் புள்ளையைப் பிடி"ன்னு என் கையில குடுத்துட்டான். நானும் வாங்கிட்டேன். யாரா இருந்தாலும் வாங்கத்தானே செய்வாங்க? அந்நேரம் வந்த பஸ்ஸுல ஏறுனான், போயிட்டான். திரும்பிக்கூடப் பாக்கலை.

இதுல என்ன இருக்குன்னு கேப்ப. பஸ்ஸுலயே பாத்திருப்ப, நின்னுக்கிட்டு வர்றவ உக்காந்திருக்கிறவ மடியில புள்ளையைக் குடுப்பா. உன் ஸ்டாப்பே வந்தாலும் அவ வந்து வாங்குற வரைக்கும் உன்னால எந்திரிக்க முடியுமா? மனுசருக்கு அது மரியாதை. எங்களுக்கு அதுதான் கட்டு. குடுத்தவன் வந்து, "வந்துட்டேன்"னு சொல்ற வரைக்கும் ஊரு எல்லையைத் தாண்ட முடியாது. அது தெரிஞ்சுதான் குடுத்திருக்கான். ஊருத் தண்ணி ஊருலயே நின்னுச்சு, அவனுக்குப் புண்ணியம். மாட்டிக்கிட்டவ நான்.

கண்மாய் மேட்டுல ஒரு குடிசை போட்டேன். சேவுகனுக்கு அக்கா முறைன்னு ஊருல நினைச்சுக்கிட்டாங்க, நானும் இல்லைங்கலை. மேட்டு வீட்டுக்காரின்னு பேரு வச்சாங்க. நான் பட்ட பாடு இருக்கே! அடுப்புக்கிட்ட உக்காந்தா விறகு நமுத்துப் போகும். வீடெல்லாம் புகை, சோறு மட்டும் வேகாது. பக்கத்து வீட்டுக்காரிதான் பாவம்னு கஞ்சி ஊத்துவா. நூறு நாள் வேலைக்குப் போனேன், எதுக்கு? என் கண்மாயை நானே தூர் அள்ள! மம்பட்டியோட வரிசையில நின்னு கைநாட்டு வைக்கப் போனா, பதிவு பண்ற மிஷினு "ஈரக் கை, துடைச்சிட்டு வை"ங்குது. எத்தனை தடவை துடைக்கிறது? சனம் எல்லாம் சிரிச்சது.

அந்தப் புள்ளைக்குச் செவ்வந்தின்னு பேரு வச்சேன். அது என் பேரு. மனுசியா இருந்தப்ப எங்கப்பன் கூப்புட்ட பேரு. மடையாத்தாங்கிறவளுக்கு அந்தப் பேரு இனிமே எதுக்கு? சும்மா கிடக்குறதை யாராவது வச்சுக்கட்டுமேன்னு குடுத்துட்டேன். ஆனா யாராச்சும் வாசல்ல நின்னு "செவ்வந்தி"ன்னு கூப்புட்டா, அவளுக்கு முன்னாடி நான் திரும்பிருவேன்.

காய்ச்சல் வந்தா என் கையை நெத்தியில வச்சுக்குவா. "ஆத்தா, உன் காலு ஏன் எப்பவும் ஈரமாவே இருக்கு?"ன்னு கேப்பா. வேர்க்குதுடின்னு சொல்லுவேன். எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் பாவாடையில பொரி முடிஞ்சுக்கிட்டு வந்து, "இந்தா ஆத்தா, உனக்குப் பாதி"ம்பா. எனக்குப் பொரி இறங்காது. வாங்கி வச்சுக்கிட்டு, அவ தூங்குனதும் குருவிக்குப் போட்டுருவேன். ஒவ்வொரு தடவையும், "தின்னியா, தின்னியா"ன்னு கேப்பா. தின்னேன்னு சொல்லுவேன். பொய்தான்.

இப்பிடிச் சொல்றதைக் கேட்டுட்டு, எனக்கு அவ மேல பாசம்னு நீ நினைச்சுக்காத. கட்டு. கட்டுன்னா இருந்துதானே ஆகணும்? எப்படா சேவுகன் வருவான், எப்படா அவுத்து விடுவான்னு ரோட்டையே பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பஸ்ஸு சத்தம் கேட்டா வாசலுக்கு வந்து எட்டிப் பாப்பேன். அவன் இறங்கலைன்னா அப்பாடான்னு இருக்கும். ஏமாத்தமா இருக்கும்னு சொல்ல வந்தேன்.

இன்னைக்குக் காலையில இறங்கிட்டான்.

நான் செவ்வந்திக்குத் தலை சீவிக்கிட்டு இருந்தேன். ஏழாப்புக் கடைசிப் பரிச்சை இன்னைக்கு. ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டாம போனா அந்த டீச்சர் வாசல்லயே நிப்பாட்டிருவா. தினமும் மடைக்கல்லுல உக்காந்துதான் சீவுவோம், அங்கதான் காத்து வரும். நான் மேல, அவ கீழ. ஒரு பக்கம் பின்னி முடிச்சு ரிப்பன் கட்டிட்டேன். மறுபக்கத்தைப் பிரிச்சு எண்ணெய் வைக்கிறேன், கரை மேல ஒருத்தன் வந்து நிக்கிறான். தலை முழுசா நரைச்சிருச்சு. கன்னம் ஒட்டிப்போயி, மூச்சு வாங்குது. கையில ஒரு பிளாஸ்டிக் பை. "ஆத்தா, வந்துட்டேன்"னான்.

அந்தச் சொல்லு காதுல விழுந்ததும் என் இடுப்புல இருந்த கட்டு அவுந்துச்சு. அவ்வளவு லேசா இருந்துச்சு உடம்பு.

நல்லா நாலு வாங்கு வாங்குனேன் அவனை. வராம ஊருக்கு நல்லது செஞ்சியாக்கும், தியாகியாக்கும்னு கேட்டேன். அவன் அழுதான். "ஊருக்காகன்னுதான் நானும் எனக்கே சொல்லிக்கிட்டேன் ஆத்தா. அது இல்ல. புள்ளை மூஞ்சியைப் பாத்தா இருளாயி தெரிஞ்சா, என்னால தூக்க முடியலை. அதான் உன் கையில குடுத்துட்டு ஓடிட்டேன். இப்ப டாக்டர் நாள் குறிச்சிட்டான். ஒருதடவை பாத்துரணும்னு வந்தேன். நீ போகலாம். போகாதன்னு கேக்க எனக்கு வாயில்ல"ன்னான். பையில இருந்து ஒரு கவுனை எடுத்தான். கைப்புள்ளைக்குப் போடுற கவுன், வெள்ளையில பூப்போட்டது. அவன் மனசுல அவ இன்னும் அம்புட்டுத்தான் இருக்கா. செவ்வந்தி அதையும் பாக்குறா, அவனையும் பாக்குறா. "ஆத்தா, இவரு யாரு?"ன்னு கேட்டா.

இப்பிடியும் ஒரு மனுசன் இருப்பானா தாயி? பெத்த புள்ளைகிட்ட வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போறது. அது பாட்டுக்குக் காத்துக்கிட்டுக் கிடக்கும்னு ஒரு நினைப்பு வேணாம்? மனசா அது, கல்லா?

நானா? நான் சொல்லிட்டுத்தான் வந்தேன். சொல்லாம கொள்ளாம வர்றவளா நான்? என்னமோ சொன்னேன். என்ன சொன்னா என்ன? பெத்தவன் வந்துட்டான், அவன் பாத்துக்கட்டும். என் கட்டு அவுந்துச்சு, கிளம்பிட்டேன். இதுல எனக்கு என்ன குத்தம் இருக்கு?

செத்த இரு. முன்னால போன்ல கத்துறானே, அவன் என்ன சொல்றான்? அவனை எனக்குத் தெரியும். எங்க கண்மாய் மீனை ஏலம் எடுத்தவன். அவனுக்குத்தான் என்னைய அடையாளம் தெரியலை.

கேட்டியா? தண்ணி உள்வாங்குதாம். மடையும் திறக்கலை, கரையும் உடையலை, தண்ணி மட்டும் எங்கிட்டுப் போகுதுன்னே தெரியலையாம். கெண்டையெல்லாம் சேத்துல துள்ளுதாம். ஊரே கரையில நிக்குதாம். நிக்கட்டும். ஷட்டரைக் கேக்காம திறந்தப்ப எல்லாரும் எங்க போனாங்க? நிக்கட்டும், வெயில்ல நின்னு பாக்கட்டும்.

என்னது? யாரு எந்திரிக்க மாட்டேங்குதாம்?

நீ கேட்டுச் சொல்லு தாயி, எனக்குச் சரியா கேக்கலை. இல்ல, கேட்டுச்சு. கேட்டுச்சு. மேட்டு வீட்டுப் பொட்டப்புள்ளை மடைக்கல்லுல உக்காந்திருக்காம். பரிச்சைக்கும் போகலையாம். டீச்சரே ஆள் விட்டுப் பாத்துட்டாளாம். யாரோ ஒரு கிழவன் பக்கத்துல நின்னு கெஞ்சுறானாம், அவனை ஏறெடுத்தும் பாக்கலையாம். தலையை ஒரு பக்கம் விரிச்சுப் போட்டுக்கிட்டு, "ஆத்தா இங்கயே இருக்கச் சொல்லுச்சு, இந்தா வந்துர்றேன்னு சொல்லுச்சு"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காம்.

ஆமா, அதைத்தான் சொல்லிட்டு வந்தேன். நீ அப்பவே கேட்ட, நான் மழுப்பிட்டேன். வேற என்ன சொல்லுவேன்? கிளம்புறப்ப வாயில அதான் வந்துச்சு. நான் கேட்ட சொல்லு அது ஒண்ணுதானே தாயி. "இங்கயே உக்காந்திரு ஆத்தா, இந்தா வந்துர்றேன்." அந்தக் கல்லுலதான் என்னையும் உக்கார வச்சாங்க. அதே கல்லு, ஷட்டர் போட்டப்ப குழியில இருந்து எடுத்துக் கரையில போட்டது. தெனம் அதுல உக்காந்துதான் தலை சீவுனேன், ஒருநாளும் எனக்கு இது தோணலையே.

நான் எம்புட்டு நேரம் அதுல காத்திருந்தேன் தெரியுமா? கல்லு அடுக்குற வரைக்கும் காத்திருந்தேன். வெளிச்சம் போன பொறவும் காத்திருந்தேன். பொரியில பாதியை எடுத்து வச்சேன். அப்பன் பசியோட வருவான்னு, பாதியை மடியில முடிஞ்சு வச்சேன். அவன் வரலை தாயி. ஜோலியெல்லாம் இல்ல. வரணும்னு அவன் நினைக்கவே இல்ல. ஒரே ஒருதடவை மேல இருந்து, "செவ்வந்தி"ன்னு கூப்புட்டிருந்தாகூடப் போதும், நான் சாமியாகியிருக்க மாட்டேன். இத்தனை காலமும் அவனுக்காக நான்தான் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

அவளும் பொரி வச்சிருப்பா. பரிச்சை முடிஞ்சு தின்னலாம்னு காலையில டப்பாவுல போட்டா. பாதியை எடுத்து வச்சிருப்பா.

இருளாயி கூப்புட்டப்பயும் நான் திரும்பலை. ஒண்ணும் செய்யலைன்னு உன்கிட்டயே பெருமையா சொன்னேன். ஒண்ணும் செய்யாததுதான் தாயி நான் செஞ்சது. அவ ஆத்தாளையும் நான்தான் விட்டேன், இப்ப அவளையும் நான்தான் விட்டுட்டு வந்திருக்கேன். சேவுகனை என்ன வாய் பேசுனேன்! அவனாச்சும் ஓடுனது பயத்துல. நான் ஆசையில ஓடி வந்தேன்.

அந்தா, பனைமரத்துக்கு நடுவுல நீலமா தெரியுதே, அதுவா கடல்? அம்மாடி. அதுவா? நான் கண்மாயை விடக் கொஞ்சம் பெருசா இருக்கும்னு நினைச்சேன். மறுகரையே இல்லையே. நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.

இல்ல, போதும். பாத்தாச்சு.

கண்டக்டரு! வண்டியை நிப்பாட்டு. கடற்கரை இன்னும் வரலைன்னு எனக்கும் தெரியும்யா, நீ விசிலை ஊது. எதிர்த்தாப்புல திரும்புற வண்டி எத்தனை மணிக்கு? வரலைன்னா நடக்குறேன். தண்ணிக்கு நடக்கத் தெரியாதா? வந்த வழியிலயே திரும்பிப் போகும். பொழுது சாயிறதுக்குள்ள போயிரணும். இருட்டுனா அந்தக் கல்லு ரொம்பக் குளுரும், எனக்குத் தெரியும்.

இப்ப என்னைய யாரும் கட்டலை. எவனும் கையில எதையும் குடுக்கலை. ஒருபக்கம் சடை பின்னாம கிடக்கு, அம்புட்டுத்தான். காலை எடுத்துக்க தாயி, நான் இறங்குறேன். உன் செருப்பை நனைச்சிட்டேன், மனசுல வச்சுக்காத.

கிளம்புறப்ப யாரும் போறேன்னு சொல்லக் கூடாதும்பாங்க, போயிட்டு வர்றேன்னுதான் சொல்லணும். ஆனா உன்கிட்ட நான் போறேன்னே சொல்றேன் தாயி. வந்துர்றேன்னு ஒருத்திகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். அவகிட்டத்தான் போறேன்.